கடைத்தெரு கேள்வி–பதில்: ஏறும் ப்ளவுஸ், வராத பாக்கி, ஒற்றை நட்சத்திரம்

சிறுகடை நடத்துபவர்களின் கடிதங்களில் இந்த முறை வாடிக்கையாளரோடு வரும் தகராறுகளே அதிகம். ஒன்றைப் போல மற்றொன்று இருந்த கடிதங்களைச் சேர்த்து, பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். பொருளைக் கையில் கொடுக்கும்போது வெடிக்கிற சண்டைகளில் பாதிக்கும் மேல், ஆர்டர் எடுத்த அன்று பேசாமல் விட்டதில் தொடங்கியவை. அதனால் அந்த முதல் ஐந்து நிமிடத்தைப் பற்றியே இங்கே அதிகம் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: தையல் கடை வைத்திருக்கிறேன். தைத்த ப்ளவுஸைப் போட்டுப் பார்த்துவிட்டு, "தோள் இறங்குது, கையைத் தூக்கினா மேல ஏறுது, துணியையே கெடுத்துட்டீங்க அக்கா" என்கிறார்கள். சிலர் புடவைக்கே பணம் கேட்கிறார்கள். சிலர் கூலி தராமல் எடுத்துப் போகிறார்கள். முகூர்த்த மாதங்களில் தினமும் ஒரு சண்டை. என்ன செய்வது?
— வாசகி, தேனி

பதில்: முதலில் எது உங்கள் குறை, எது அவர் மனம் மாறியது என்று பிரித்துக்கொள்ளுங்கள். தோள் இறங்குவதும் மேலே ஏறுவதும் பெரும்பாலும் வெட்டில் உள்ள குறைகள். அதற்கு எதிர்வாதம் செய்யாமல் சரிசெய்து கொடுப்பதுதான் முறை.

பின்கழுத்தின் அகலமும் ஆழமும் ஒருசேரக் கூடினால் தோள் நழுவும். தோள் தையலில் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை பிடித்து, பின்னால் நாடா வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். கையைத் தூக்கும்போது ப்ளவுஸும் சேர்ந்து ஏறினால், ஆர்ம்ஹோல் (கை இணையும் அக்குள் வளைவு) அளவுக்கு மேல் கீழே இறங்கி வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். வெட்டிய துணியை மீண்டும் மேலே ஏற்ற முடியாது. அக்குளில் அதே துணியில் சிறு சதுரத் துண்டு ஒன்றைச் சேர்த்துத் தைத்தால் கை தாராளமாக அசையும். அந்தத் துண்டுக்கு எங்கே போவது? வெட்டி மிஞ்சிய துணியைக் குப்பையில் போடாமல் ரசீதோடு பின் குத்தி வைத்தால் கையில் இருக்கும். டெலிவரி அன்று அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், "என் துணியில மிச்சம் இருந்துச்சே, எங்க?" என்ற பேச்சும் வராது.

"ஒருமுறை துவைச்சதும் சுருங்கிடுச்சு" என்ற புகாருக்குக் காரணம் அநேகமாக லைனிங். பருத்தி லைனிங்கை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் லைனிங் சுருங்கி, மேல்துணியை இழுத்து மடிப்பு மடிப்பாக நிறுத்திவிடும். அவசர ஆர்டர் என்று இந்த ஒரு வேலையைத் தவிர்க்கும் கடைகளுக்குத்தான் அடுத்த மாதம் ப்ளவுஸ் திரும்பி வருகிறது. பக்கத் தையலில் இரு புறமும் ஒன்றரை அங்குலம் பிரித்துவிடத் துணி விட்டிருந்தால், "டைட்டா இருக்கு" என்பது பத்து நிமிட வேலையாக முடிந்துவிடும்.

இனி ஆர்டர் எடுக்கும் நேரம். அளவு ப்ளவுஸை மட்டும் நம்ப வேண்டாம். அது எப்போது தைத்தது, இப்போது எங்கே பிடிக்கிறது, எங்கே தொளதொளவென்று இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். மார்புச் சுற்றையும் கைச் சுற்றையும் உடம்பில் டேப் வைத்து எடுத்து, கொண்டுவந்த ப்ளவுஸோடு ஒப்பிடுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அதைச் சொல்லி, எந்த அளவில் தைப்பது என்று அவரையே முடிவு செய்யவிடுங்கள். "கழுத்து கொஞ்சம் ஆழமா" என்று சொன்னால் ஒருவருக்கு அது 7 அங்குலம், இன்னொருவருக்கு 10. டேப்பை முதுகில் வைத்துக் காட்டி, எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள்.

புடவையோடு வரும் ப்ளவுஸ் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான் இருக்கும். பெரிய அளவுக்கு முழங்கை வரை கை வைக்க அது போதாது. அவர் எதிரிலேயே அளந்து காட்டி, கை நீளத்தைக் குறைப்பதா, வேறு துணி சேர்ப்பதா என்று அப்போதே கேளுங்கள். கறை, ஓட்டை, இழை இழுத்த இடம் இருந்தால் அதையும் ரசீதில் குறித்துவிடுங்கள்.

ஆரி ஒர்க் என்றால் இன்னும் கவனம் வேண்டும். துணியை ஃபிரேமில் கட்டி வேலை முடித்த பிறகு கழுத்தின் ஆழத்தை மாற்ற வழியே இல்லை. அதனால் முதலில் லைனிங்கை மட்டும் வெட்டி, கச்சாத் தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போட்டு, ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகு அந்தக் கோட்டைப் பட்டுத்துணிக்கு மாற்றி ஃபிரேமுக்கு அனுப்புங்கள். கூலியில் பாதியை முன்பணமாக வாங்குவதும் இந்த வேலைக்குக் கட்டாயம். விசேஷத் தேதியைக் கேட்டு எழுதி, அதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே கொடுக்கும்படி திட்டமிட்டால், திருத்தம் வந்தாலும் பதற்றம் இருக்காது.

கூலி பற்றி: 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 170, பிறர் பொருளில் உழைப்போ திறமையோ செலுத்தியவர் தன் கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. வேலையை ஒழுங்காக, சொன்ன நாளில் முடித்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமே தவிர, விற்கக் கூடாது. வைத்திருக்கும் நாளெல்லாம் பத்திரமாகப் பாதுகாப்பதும் உங்கள் பொறுப்பு.

உண்மையிலேயே துணி கெட்டுவிட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். அதே நிறத்தில் துணி வாங்கி, கூலி இல்லாமல் தைத்துத் தருவதாக நீங்களே முதலில் சொல்லிவிட்டால், புடவை விலை என்ற பேச்சு பெரும்பாலும் எழாது. அவர் வாயால் கேட்ட பிறகு அதையே கொடுத்தாலும் பாதி மதிப்புதான்.

கேள்வி: சின்ன உணவகம் நடத்துகிறேன். சாப்பிட வருபவர்களில் சிலர் சின்ன விஷயத்துக்கும் கூட்டத்தின் நடுவில் கத்துகிறார்கள். பரிமாறும் பையன்களை 'டா' போட்டுப் பேசுகிறார்கள். பதிலுக்குப் பேசினால் வியாபாரம் கெடுகிறது. பேசாமல் இருந்தால் பையன்கள் வேலையை விட்டுப் போகிறார்கள்.
— வாசகர், விழுப்புரம்

பதில்: கத்துபவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். ஓரிரு நிமிடத்துக்குமேல் பெரும்பாலும் நீளாது. நடுவில் "இல்ல சார், அது வந்து..." என்று தொடங்கினால் அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். கல்லாவில் உட்கார்ந்தபடி பதில் சொல்லாமல், எழுந்து மேசைக்குப் போங்கள். உங்கள் குரல் அவர் குரலைவிட ஒரு படி தாழ்ந்தே இருக்கட்டும். முடிந்தால், "வாங்க சார், இப்படி வந்து சொல்லுங்க" என்று ஓரமாக அழைத்துப் போங்கள். பார்வையாளர்கள் இல்லாவிட்டால் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

பிறகு அவர் சொன்னதை ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்லுங்கள்: "தோசை கேட்டு இருபது நிமிஷம் ஆச்சு, பின்னாடி வந்தவங்களுக்கு முன்னாடி போயிடுச்சு, அதானே சார்?" அவர் "ஆமா" என்று சொன்ன பிறகே மன்னிப்பும் மாற்று வழியும். மாற்றை இரண்டாகக் கொடுங்கள்: "இப்போ உடனே சூடா வேற போட்டுத் தரட்டுமா, இல்ல இதை பில்லுல கழிச்சுடட்டுமா?" இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு வந்தவர் மீண்டும் கத்துவது அபூர்வம். "என்னதான் வேணும் உங்களுக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

பையனை அவர் முன்னால் திட்டுவது பெரும் தவறு. வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த அது குறுக்குவழி போலத் தெரியும். ஆனால் அடுத்து வருபவரும் அந்தப் பையனிடம் அதே மாதிரிப் பேச நீங்களே அனுமதி கொடுத்துவிடுகிறீர்கள். தவறு அவனுடையது என்றால் கடை மூடிய பிறகு தனியாகச் சொல்லுங்கள். மரியாதை இல்லாத பேச்சு வந்தால், "சார், சாப்பாட்டுல குறை இருந்தா என்கிட்ட சொல்லுங்க, பையனை அப்படிக் கூப்பிட வேண்டாம்" என்று நீங்களே முன்வந்து சொல்ல வேண்டும். இதைச் சொல்வதால் போகிற வாடிக்கையாளர் போகட்டும். நல்ல ஆளை இழப்பது அதைவிடப் பெரிய நட்டம்.

கை நீட்டினாலோ மிரட்டினாலோ சமாதானப் பேச்சு அங்கேயே முடிந்தது. 100 அல்லது 112-ஐ அழையுங்கள். சிசிடிவி பதிவை அன்றே பென்டிரைவில் எடுத்து வையுங்கள். பெரும்பாலான கருவிகள் சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும்.

கேள்வி: ஃபேன்ஸி, ரெடிமேட் கடை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று போர்டு வைத்திருக்கிறோம். ஒருவர் அது சட்டப்படி செல்லாது என்று சண்டை போட்டார். உண்மையா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: குறையுள்ள பொருளைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை அது முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் காலம் எதுவும் போடவில்லை என்றால் 30 நாட்கள். பில் கொடுக்காமல் விற்பதும் அதே பட்டியலில் வருகிறது.

நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை, வீட்டில் வேண்டாம் என்றார்கள் என்பதெல்லாம் குறை ஆகாது. அங்கே உங்கள் கடை விதிதான். அதனால் போர்டை எடுத்துவிட்டு, பில்லில் இப்படிப் போடுங்கள்: "தையல், துணிக் குறை இருந்தால் 30 நாட்களுக்குள் மாற்றித் தரப்படும் அல்லது பணம் திருப்பித் தரப்படும். அளவு, நிறம் மாற்ற 7 நாட்கள்; லேபிள் கழற்றாமல், துவைக்காமல், பில்லுடன் கொண்டுவரவும். உள்ளாடை, காதணி மாற்ற இயலாது." பணம் வாங்கும்போது கடைசி வரியை வாயாலும் சொல்லிவிடுங்கள். பில்லைப் பெரும்பாலோர் படிப்பதில்லை.

கேள்வி: மொபைல் சர்வீஸ் கடை. டிஸ்ப்ளே மாற்றிக் கொடுத்தால் "கேமரா வேலை செஞ்சுட்டு இருந்துச்சு, நீங்கதான் கெடுத்தீங்க" என்கிறார்கள். "ஒரிஜினல் பார்ட்ஸைத் திருடிட்டீங்க" என்றுகூடச் சொல்கிறார்கள். சிலர் சரிசெய்த போனை வாங்கவே வருவதில்லை.
— வாசகர், வேலூர்

பதில்: போனைக் கையில் வாங்கும்போது, அவர் எதிரிலேயே சோதித்து எழுதாத எல்லாவற்றுக்கும் பிறகு நீங்கள்தான் பொறுப்பாளி ஆவீர்கள். இரண்டு கேமரா, மைக், ஸ்பீக்கர், சார்ஜிங், டச், கைரேகை, வைஃபை என்று அச்சடித்த சீட்டில் 'டிக்' போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணையும் (அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்) எழுதுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக் கையிலேயே கொடுத்துவிடுங்கள். உயிரே இல்லாமல் வரும் போனுக்கு, "ஆன் ஆகவில்லை, மற்ற பாகங்கள் சோதிக்க முடியவில்லை" என்று தனியாக எழுத வேண்டும். தகராறு அதிகம் வருவது இந்த வகையில்தான்.

தண்ணீர் பட்டதா என்று காட்டும் வெள்ளைப் புள்ளி பல மாடல்களில் சிம் டிரே இருக்கும் இடத்துக்குள் இருக்கும். சிவப்பாக மாறியிருந்தால் அவருக்கும் காட்டி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்ப்ளே ஒரிஜினலா, காப்பியா, விலை வித்தியாசம் எவ்வளவு, காப்பியில் வெளிச்சமும் நிறமும் எவ்வளவு குறையும் என்பதை முன்கூட்டியே சொல்லி, அவர் தேர்ந்தெடுத்ததைப் பில்லில் எழுதுங்கள். மாற்றிய பழைய பாகத்தை ஒரு கவரில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். திருட்டுப் புகாருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. போன் போன பிறகு திறக்கப்பட்டதா என்று தெரிய, தேதி எழுதிய சீல் ஸ்டிக்கர் ஒன்றை உள்ளே ஸ்குரூ மேல் ஒட்டுங்கள்.

வாங்க வராத போன்கள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேலை முடிந்த அன்றும், 15-ஆம் நாளும், 30-ஆம் நாளும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி, அவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். கூலி பாக்கிக்காக நீங்களாக விற்றுவிடக் கூடாது. தேனி வாசகிக்குச் சொன்னது இங்கும் பொருந்தும். இதைத் தவிர்க்கத்தான் பாகத்தின் விலையையாவது முன்பணமாக வாங்கச் சொல்கிறோம்.

கேள்வி: மளிகைக் கடை. நோட்டுக் கணக்கில் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. கேட்டால் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். எல்லாரும் ஒரே தெரு. முகத்தை முறிக்கவும் முடியவில்லை.
— வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: முதலில் ஒரு கணக்கு. 100 ரூபாய் சரக்கில் உங்களுக்கு 10 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2,000 ரூபாய் பாக்கி மூழ்கினால் உங்கள் முதலீட்டில் போனது 1,800. அதை மீட்க இன்னும் 18,000 ரூபாய்க்கு ரொக்கமாக விற்க வேண்டும். கேட்கக் கூச்சப்படும் ஒவ்வொரு முறையும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரம்பு வையுங்கள். அந்த வீட்டின் ஒரு மாத மளிகைத் தொகையைத் தாண்டக் கூடாது. வரம்பை எட்டும் முன்பே, முக்கால் பங்கு வந்ததும் சொல்லிவிட வேண்டும்: "அண்ணே, 2,000-ல 1,500 ஆயிடுச்சு, ஒண்ணாந்தேதி ஞாபகம் வச்சுக்கங்க." வரம்பைத் தாண்டிய அன்று, நான்கு பேர் நிற்கும்போது சரக்கு தர மறுப்பதுதான் உறவை முறிக்கிறது. அன்றன்று வாங்கியதை நோட்டில் எழுதும்போதே வாட்ஸ்அப்பிலும் தொகையை அனுப்பினால், "நான் அன்னைக்கு வாங்கவே இல்லையே" என்ற பேச்சு நின்றுவிடும். குழந்தைகளை அனுப்பி வாங்கும் வீடுகளுக்கு இது மிக அவசியம்.

பழைய பாக்கியைக் கேட்கும்போது "எப்போ தருவீங்க?" என்று கேட்காதீர்கள். பதில் "பாக்கலாம்" என்றுதான் வரும். தொகையும் தேதியும் உங்கள் வாயிலிருந்து வரட்டும்: "அக்கா, மொத்தம் 4,200. வாரம் 300 குடுங்க, வெள்ளிக்கிழமை சாயந்தரம் வரேன்." பழைய பாக்கியைத் தனிப் பக்கத்தில் பூட்டிவிட்டு, இனி வாங்குவது ரொக்கம் என்று வையுங்கள். அப்படிச் செய்தால்தான் அவர் உங்கள் கடைக்கே தொடர்ந்து வர முடியும். பாக்கிக்குப் பயந்து தெருவைச் சுற்றிப் போகிறவரிடம் பாக்கியும் வராது, வியாபாரமும் வராது. வேலை போனது, வீட்டில் நோய் என்று தெரிந்தால் இரண்டு மாதம் விட்டுக்கொடுங்கள். அதையும் தேதி போட்டுச் சொல்லுங்கள்.

சட்டப்படி, தவணை எதுவும் குறிக்காமல் கடனாகக் கொடுத்த சரக்குக்கு, கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்குள் "இவ்வளவு பாக்கி இருக்கிறது" என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் புதிதாகத் தொடங்கும். ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலை ஒட்டிக் கணக்கு முடிக்கும்போது நோட்டில் ஒரு கையெழுத்து வாங்கும் பழக்கம் நல்லது. கடைப் பலகையில் பாக்கிக்காரர் பெயரை எழுதுவது, தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுவது இரண்டும் வேண்டாம். பணம் வராது. அவதூறு என்று புகார்தான் வரும்.

கேள்வி: என் அழகு நிலையத்துக்கு வராத ஒருவர் கூகுளில் ஒரு நட்சத்திரம் போட்டு மோசமாக எழுதியிருக்கிறார். எடுக்க வைக்க முடியுமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: அந்த விமர்சனத்தின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்திப் புகார் செய்யலாம். ஆபாசம், போட்டிக் கடைக்காரரின் வேலை, சம்பந்தமில்லாத செய்தி, போலி என்று காரணம் இருந்தால் பரிசீலிப்பார்கள். வெறுமனே "மோசம்" என்று எழுதியதற்காக எடுக்கமாட்டார்கள். அதற்கிடையில் கீழே பதில் எழுதுங்கள். எழுதியவருக்காக அல்ல, நாளை அதைப் படித்துவிட்டு உங்கள் கடைக்கு வரலாமா என்று யோசிப்பவருக்காக. "வணக்கம். நீங்கள் குறிப்பிட்ட நாளில் உங்கள் பெயரில் எங்கள் பதிவேட்டில் வருகை எதுவும் இல்லை. பில் எண்ணோடு கடை எண்ணுக்கு அழைத்தால் உடனே பார்க்கிறோம்." இவ்வளவு போதும். கோபத்தில் எழுதிய பதிலை ஒரு இரவு வைத்திருந்து, காலையில் படித்த பிறகு அனுப்புங்கள். நல்ல விமர்சனம் எழுதினால் தள்ளுபடி என்று வாடிக்கையாளரிடம் பேரம் பேசக் கூடாது. கூகுளின் விதி அதைத் தடுக்கிறது. திருப்தியோடு கிளம்புகிறவரிடம், அந்த நிமிடமே, உண்மையான கருத்தை எழுதச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

கேள்வி: பணம் அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிப் பொருளை எடுத்துப் போகிறார்கள். பிறகு பார்த்தால் வரவில்லை.
— வாசகர், ஓசூர்

பதில்: அவர் போன் திரையும், உங்களுக்கு வந்த எஸ்எம்எஸ்ஸும் ஆதாரம் அல்ல, இரண்டையும் போலியாகச் செய்யலாம். சவுண்ட் பாக்ஸ் சொல்ல வேண்டும், அல்லது உங்கள் ஆப்பின் வரவுப் பட்டியலில் தெரிய வேண்டும். "உங்களைச் சந்தேகப்படல சார், எல்லாருக்கும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். நிலுவை என்று காட்டினால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை எழுதிவைத்துக்கொண்டு, பணம் ஏறிய பிறகு பொருளைக் கொடுங்கள். ஏமாந்துவிட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அழையுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் ஒருவர் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்து, எங்களுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. 6,000 ரூபாய் மிக்ஸி. வக்கீல் வைத்துப் போராடும் அளவுக்குத் தொகை இல்லை. விட்டுவிடலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: விட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பு வரும். பொருளின் விலையோடு இழப்பீடும் வழக்குச் செலவும் சேர்ந்துவிடும். நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும். ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாட்கள் தரலாம். அதற்குமேல் ஒரு நாளும் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே நோட்டீஸ் வந்த உறையையும் பத்திரப்படுத்துங்கள். தேதிக்கு அதுதான் சாட்சி.

வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே ஆஜராகலாம். பில், வாரண்டி அட்டை, சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிய சீட்டு, அவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் நகல் எடுத்து, ஒரு பக்கத்தில் நடந்ததை எழுதி இணையுங்கள். உற்பத்திக் குறை என்றால், தயாரித்த நிறுவனமும் வழக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் பதிலிலேயே அதைக் குறிப்பிடுங்கள். குறை உண்மை என்று உங்களுக்கே தெரிந்தால், முதல் விசாரணை நாளிலேயே சமரசத்துக்குத் தயார் என்று சொல்லலாம். சட்டத்திலேயே அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். சமரசமானால் கையில் பணமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பி, ஒப்பந்தத்தை ஆணையத்தில் பதிவு செய்து, ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.